வீட்டிலிருந்து சூரிய கிரகணம் காணல் (ஆரணி)

வீட்டிலிருந்து சூரிய கிரகணம் காணல் என்பது, வானாய்வகம், கோளரங்கம் முதலிய இடங்களுக்குச் செல்லாமல், வீட்டு மாடி, முற்றம், திண்ணை, தறிக்கூடம் ஆகியவற்றிலிருந்தே கிரகணத்தைக் கண்ணுக்குத் தீங்கின்றிப் பார்ப்பதையும், அதனை ஒளிப்படமாகப் பதிவு செய்வதையும் குறிக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. அண்மைக் காலக் கிரகணங்கள் ஆரணியில் எவ்வாறு தெரிந்தன, நெசவாளர் வீடு ஒன்றில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அவற்றை எவ்வாறு காணலாம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

சூரியனுக்கும் புவிக்கும் இடையே நிலவு வந்து சூரியனின் ஒளியை மறைப்பதே சூரிய கிரகணம் ஆகும். இது அமாவாசை நாளில் மட்டுமே நிகழக்கூடியது. நிலவு சூரிய வட்டத்தை முற்றாக மறைப்பது முழுக் கிரகணம். நிலவு புவியிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும்போது அதன் வட்டம் சிறிதாகத் தெரிவதால், நடுவில் இருள்வட்டமும் சுற்றிலும் ஒளிவளையமுமாகத் தோன்றுவது வளையக் கிரகணம் (கங்கண கிரகணம்). இவ்விரண்டும் புவியின் மீது ஒரு குறுகிய பாதையில் மட்டுமே தெரியும். அப்பாதைக்கு வெளியே பல ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குத் தெரிவது பகுதிக் கிரகணமே. வீட்டை விட்டு நகராமல் கிரகணம் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது இதுதான். பகுதிக் கிரகணத்தின்போது வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கத்தக்க நேரம் ஒரு நொடிகூடக் கிடையாது. இந்த ஒரு செய்தியே பின்வரும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

ஆரணியில் தெரிந்த கிரகணங்கள்

2010 முதல் தமிழ்நாட்டில் தெரிந்த நான்கு குறிப்பிடத்தக்க சூரிய கிரகணங்களும் ஆரணியில் பகுதிக் கிரகணங்களாகவே தெரிந்தன.

2010 ஜனவரி 15 அன்று, மாட்டுப் பொங்கல் நாளில் நிகழ்ந்த வளையக் கிரகணத்தின் பாதை கன்னியாகுமரி, இராமேசுவரம், தனுக்கோடி, யாழ்ப்பாணம் வழியாகச் சென்றது. இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் அவ்வளையம் 11 நிமிடங்களுக்கும் மேல் நீடித்தது. தனுக்கோடியில் ஏறத்தாழ 10 நிமிடங்கள் தெரிந்தது. ஆரணியில் நண்பகலுக்குப் பின் சூரியனின் பெரும்பகுதி மறைந்து, தடித்த பிறை போன்ற வடிவம் எஞ்சியது.

2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையக் கிரகணம் ஆரணிக்கு இன்னும் அருகில் வந்தது. அதன் பாதை கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் நுழைந்து, நீலகிரி, கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை வழியாக இலங்கையின் வடபகுதிக்குச் சென்றது. ஆரணியிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ளது. அன்று காலை 8 மணிக்குச் சற்றுப் பின் ஆரணியில் கிரகணம் தொடங்கியது. 9.30 மணியளவில் உச்சத்தை அடைந்தபோது சூரிய வட்டத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேல் மறைந்திருந்தது. அப்போது சூரியன் தென்கிழக்கில் ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் இருந்தது. பள்ளிகளின் அரையாண்டு விடுமுறைக் காலம் என்பதால் மாணவர் பலருக்கு அது வீட்டிலிருந்தே பார்க்கும் கிரகணமாயிற்று. மாநிலத்தின் பல இடங்களில் மேகம் இடையிடையே மறைத்தது.

2020 ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்த வளையக் கிரகணத்தின் பாதை இராசத்தான், அரியானா, உத்தராகண்டம் ஆகிய வடமாநிலங்களில் அமைந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாதலால் சென்னையிலும் அதனை ஒட்டிய மாவட்டங்களிலும் அன்று முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. எனவே கூடிப் பார்க்கும் நிகழ்வுகள் நடைபெறவில்லை. வானியல் நிறுவனங்கள் இணையம் வழியாக நேரலையாகக் காட்டின. வீட்டிலிருந்து காணல் என்பது அன்று விருப்பமாக இன்றிக் கட்டாயமாகவே இருந்தது எனலாம். ஆரணியில் காலை 10.20 மணியளவில் தொடங்கிப் பிற்பகல் 1.40 மணியளவில் முடிந்த அக்கிரகணத்தில், சூரிய வட்டத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. உச்ச நேரத்தில் சூரியன் தலைக்கு மேலே, 78 பாகை உயரத்தில் இருந்தது. கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்ப்பதற்கு இது மிகவும் வசதியற்ற நிலை. ஆனால் ஓட்டுக்கூரையின் துளை வழியாகத் தரையில் பிம்பம் விழச்செய்வதற்கு இதைவிட ஏற்ற நிலை இல்லை.

2022 அக்டோபர் 25 அன்று, தீபாவளிக்கு மறுநாள், மாலை 5.15 மணியளவில் தொடங்கிய பகுதிக் கிரகணம் முடிவதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. அடிவானம் திறந்திருந்த மாடிகளிலிருந்து பார்த்தோருக்கு மட்டுமே ஓரத்தில் சிறு கடிவாய் போன்ற மறைப்புத் தெரிந்தது.

கண்ணுக்கு நேரும் தீங்கு

சூரியனின் உருவம் விழித்திரையில் ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் அகலமே உள்ள வட்டமாக விழுகிறது. சூரியனை நேராக நோக்கும்போது அவ்வட்டம் விழும் இடம் விழித்திரையின் மையக்குழி ஆகும். நுண்ணிய எழுத்துகளைப் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், ஒத்த நிறங்களைப் பிரித்தறியவும் பயன்படுவது இச்சிறு பகுதியே. இங்குள்ள உயிரணுக்களை மிகுந்த ஒளி வேதிமாற்றத்தால் சிதைக்கிறது. விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லை. ஆகவே தீங்கு நேரும்போது பார்ப்பவருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் பார்வையின் நடுவில் மங்கலான அல்லது கரிய புள்ளி தோன்றுவதும், நேர்க்கோடுகள் வளைந்து தெரிவதும் உணரப்படும். சிலருக்கு வாரங்கள் அல்லது மாதங்களில் ஓரளவு குணமாகும். சிலருக்கு நிலையான குறையாகவே தங்கிவிடும். இதனைத் திருப்பிச் சரிசெய்யும் உறுதியான மருத்துவம் எதுவும் இல்லை.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு பெரும்பாலும் வீடுகளை ஒட்டிய கைத்தறிகளிலேயே நெய்யப்படுகிறது. பாவில் அறுந்த ஓர் இழையைக் கண்டுபிடித்து முடிவதும், கரையிலும் முந்தானையிலும் சரிகை ஓட்டம் பிசகாமல் பார்ப்பதும், அருகருகே உள்ள நிறங்களை வேறுபடுத்துவதும் மையப்பார்வையைக் கொண்டே செய்யும் வேலைகள். பக்கப்பார்வை எவ்வளவு நன்றாக இருப்பினும் இவற்றுக்கு உதவாது. ஓர் அலுவலகப் பணியாளர் கண்ணாடி மாற்றியோ எழுத்தைப் பெரிதாக்கியோ சமாளித்துவிடக்கூடிய குறை, தறியில் அமர்பவருக்குத் தொழிலையே இழக்கச் செய்வதாகிவிடும்.

வழக்கமான நாளில் சூரியனை யாரும் உற்று நோக்குவதில்லை. அதன் கூசும் ஒளியே கண்ணைத் திருப்பிவிடுகிறது. கிரகண நாளில் சூரியனிலிருந்து ஏதும் புதிய கதிர் தோன்றுவதில்லை. ஆனால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, பார்க்க வேண்டும் என்ற ஆவல் உண்டாகிறது. மற்றொன்று, வட்டத்தின் பெரும்பகுதி மறைவதால் மொத்த ஒளி குறைந்து கூச்சமும் குறைகிறது. ஆனால் எஞ்சிய பிறையின் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனின் அப்புள்ளி எவ்வளவு ஒளிர்ந்ததோ அவ்வளவே ஒளிர்கிறது. 2019இல் ஆரணியில் எஞ்சிய ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிறை, விழித்திரையில் தான் விழுந்த இடத்தை முழுச் சூரியனைப் போலவே சுடவல்லதாக இருந்தது. சுடப்படும் இடம் பிறை வடிவில் இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

தக்க வடிகட்டி சூரிய ஒளியை ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். கிரகணக் கண்ணாடிகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 12312-2 ஆகும். அத்தரத்திலுள்ள கண்ணாடியை அணிந்து வீட்டுக்குள் பார்த்தால் எதுவுமே தெரியாது. பொருள்கள் தெரியுமானால் அது தகுதியற்றது. கீறல், துளை, மடிப்பு உள்ளவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். பற்றவைப்புக் கண்ணாடியில் 14ஆம் எண் உடையது ஏற்றது. பட்டறைகளில் பொதுவாக இருப்பது அதைவிடக் குறைந்த எண்ணுள்ள கண்ணாடி என்பதால், எண்ணைக் கேட்டறியாமல் இரவல் வாங்கிப் பயன்படுத்துதல் கூடாது.

எக்ஸ்-ரே படச்சுருள், கரிப்புகை படிந்த கண்ணாடி, குறுந்தகடு, வெயில் கண்ணாடி ஆகியன பாதுகாப்பானவை அல்ல. தாம்பாளத்தில் மஞ்சள் நீரையோ சாணம் கரைத்த நீரையோ ஊற்றி அதில் தெரியும் சூரியனைப் பார்க்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. நேர்மேலிருந்து விழும் ஒளியில் நீர்ப்பரப்பு நூற்றுக்கு இரண்டு பங்கை எதிரொளிக்கிறது. அஃதாவது ஐம்பதில் ஒரு பங்கு. தேவையானதோ இலட்சத்தில் ஒரு பங்கு. எனவே தாம்பாளத்தில் தெரியும் சூரியன் பாதுகாப்பான அளவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு ஒளிமிக்கது. சூரியன் தாழ்ந்து சாய்வாக இருக்கும்போது எதிரொளிப்பு இன்னும் கூடும். நீரில் எதைக் கரைத்தாலும் மேற்பரப்பின் எதிரொளிப்பு குறைவதில்லை.

துளைவழிப் பிம்பம்

சூரியனைப் பார்க்காமல் சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பதே வீட்டுக்கு மிகவும் ஏற்ற முறையாகும். ஒரு சிறு துளை வழியாகச் செல்லும் ஒளி, அப்பால் உள்ள வெண்பரப்பில் சூரியனின் வடிவத்தையே வட்டமாக வரைகிறது. துளை சதுரமாகவோ முக்கோணமாகவோ இருப்பினும் தொலைவு போதுமானதாக இருந்தால் பிம்பம் வட்டமாகவே விழும். மரத்தடியில் நாள்தோறும் காணப்படும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகள் இவ்வாறு உண்டானவையே. கிரகணத்தின்போது வேம்பு, புங்கம் ஆகியவற்றின் நிழலில் அப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறுகின்றன. கீற்றுப் பந்தலின் இடைவெளிகளும், சமையலறைச் சல்லடையும், குறுக்காகக் கோத்த இரு கைவிரல்களின் சந்துகளும்கூட இதே காட்சியைத் தரும்.

பிம்பத்தின் அளவைக் கணக்கிடுவது எளிது. சூரியனின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 107 மடங்கு தொலைவில் சூரியன் இருப்பதால், துளைக்கும் பரப்புக்கும் உள்ள தொலைவை 107ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். 1 மீட்டர் தொலைவுக்கு 9 மில்லிமீட்டர், 3 மீட்டருக்கு 28 மில்லிமீட்டர், 10 மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் எனக் கொள்ளலாம். துளை மிகப் பெரிதானால் பிம்பத்தின் ஓரம் மழுங்கும். மிகச் சிறிதானால் ஒளி போதாது, அலைவளைவால் ஓரமும் தெளிவிழக்கும். 1 மீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர், 5 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர், 10 மீட்டருக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் அளவான துளை பொருத்தமானது. பள்ளிப் பாடங்களில் கூறப்படும் காலணிப் பெட்டி முறையில் கிடைக்கும் பிம்பம் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பல மாணவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பே. பெட்டியை விட்டுவிட்டு, அறையையே பெட்டியாகக் கொள்வது நலம்.

ஓட்டுக்கூரையில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஓடு பதித்த வீடாயின், அவ்வோட்டின் மேல் நடுவில் 2 மில்லிமீட்டர் துளையிட்ட அட்டையை வைத்து, கதவு சன்னல்களைச் சாத்திவிட்டால் தறிக்கூடமே ஒரு படப்பெட்டியாகிவிடும். 3 மீட்டர் உயரக் கூரையானால் சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது தரையில் விழும் பிம்பம் 28 மில்லிமீட்டர் இருக்கும். ஓட்டில் இயல்பாகவே உள்ள சிறு விரிசல்களும் இப்பணியைச் செய்யக்கூடும். காலை அல்லது மாலைக் கிரகணமாயின் ஒளி சாய்வாக வந்து சுவரிலோ தரையிலோ விழுந்து, பிம்பம் நீள்வட்டமாக இழுபடும். 2019 டிசம்பரில் இருந்ததைப் போல 37 பாகை உயரத்தில் சூரியன் இருந்தால், தரையில் விழும் வட்டம் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் என்ற அளவுக்குச் சற்றுக் குறைவாக நீளும். ஒளிக்கதிருக்குச் செங்குத்தாக ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் இக்குறை நீங்கும். கூரை மேல் ஏறி அட்டை வைக்கும் வேலையைக் கிரகணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கிரகணம் நடக்கும்போது கூரையில் இருப்பவரின் கண் தன்னையறியாமல் மேலே செல்லும்.

தறியின் மேல் உள்ள ஜக்கார்டு அட்டைகளும் துளையிட்டவையே. பழைய அட்டை ஒன்றை வெயிலில் பிடித்தால் ஒரே நேரத்தில் பல பிறைகள் தோன்றும் என எதிர்பார்க்கலாம். ஆனால் அப்படியே பிடித்தால் பலன் கிட்டாது. துளைகள் மிக நெருக்கமாக இருப்பதால், அட்டையைத் தரையிலிருந்து உயர்த்தும்போது பிம்பங்கள் பெரிதாகி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிப்போகும். தாழ்த்திப் பிடித்தாலோ துளையின் வடிவமே தரையில் தெரியுமேயன்றிச் சூரியனின் வடிவம் தெரியாது. ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை மட்டும் எஞ்சுமாறு மற்றவற்றைத் தாள் ஒட்டி மூடி, 2 மீட்டர் உயரத்தில், மாடிக் கைப்பிடிச் சுவரிலோ ஏணியிலோ கட்டிவைத்தால், தரையில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் பிறைகள் புட்டா வரிசை போல அணிவகுத்து நிற்கும்.

கூரையில் திறப்பு இல்லாத மாடிவீடுகளுக்குக் கண்ணாடி முறை ஏற்றது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின் மேல், 5 மில்லிமீட்டர் துளையுள்ள கருந்தாளை ஒட்ட வேண்டும். வெயில் படும் இடத்தில் மணல் நிரப்பிய கிண்ணத்தில் அதை நட்டு, எதிரொளிக்கும் ஒளி சன்னல் வழியே இருண்ட அறையின் சுவரில் விழுமாறு திருப்ப வேண்டும். 10 மீட்டர் தொலைவில் உள்ளங்கை அகலப் பிம்பம் கிடைக்கும். குடும்பத்தினர் அனைவரும் சூரியனுக்கு முதுகைக் காட்டியவாறு அமர்ந்து பார்க்கலாம். வீட்டில் செய்யக்கூடிய முறைகளுள் இதுவே மிகச் சிறந்தது எனக் கூறலாம். சூரியன் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் தன் விட்டத்தின் அளவு வானில் நகர்வதால், சுவரிலுள்ள பிம்பமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தல் வேண்டும். அப்பணியைப் பெரியவர் ஒருவர் மட்டும் பக்கவாட்டில் நின்று செய்வது நல்லது. ஒளி வரும் வழியில் நின்று கண்ணாடியை நோக்குவது சூரியனையே நோக்குவதற்கு ஒப்பானது.

துளைவழிப் பிம்பம் மேல்கீழாகவும் இடவலமாகவும் திரும்பியிருக்கும் என்பதையும், கண்ணாடி முறையில் மேலும் ஒரு முறை புரளும் என்பதையும் நினைவில் கொண்டால், நிலவு எப்பக்கத்திலிருந்து நுழைந்தது என்பதில் குழப்பம் ஏற்படாது. சுவரில் தாளை ஒட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிம்பத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து நேரத்தையும் குறித்து வந்தால், தொடக்கம், உச்சம், முடிவு ஆகியவற்றை மாணவர்கள் தாமே கணித்து, வெளியிடப்பட்ட நேரங்களுடன் ஒப்பிடலாம்.

ஒளிப்படம் எடுத்தல்

கிரகணத்தை ஒளிப்படம் எடுக்கும் முயற்சிகளில் தமிழ்நாட்டுக்குப் பழைய தொடர்பு உண்டு. 1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழுக் கிரகணத்தின் பாதை நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாகச் சென்றது. பிரான்சிய வானியலாளர் ழான்சென் நீலகிரியில் சோலூரிலும், டென்னன்ட் குழுவினர் தொட்டபெட்டாவிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியிலும் முகாமிட்டனர். தொட்டபெட்டாவிலும், கேரளத்தின் பேக்கலில் முகாமிட்டிருந்த குழுவாலும் சூரிய ஒளிமகுடத்தின் படங்கள் எடுக்கப்பட்டன. அக்காலத்து ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டில் வேதிப்பொருளைப் பூசி, அது உலருமுன் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். முழு மறைப்பு நீடித்த ஓரிரு நிமிடங்களுக்குள் சில தட்டுகளே சாத்தியமாயின. பின்னர் கோடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனை நாள்தோறும் படம்பிடிக்கும் மரபு உருவாயிற்று. ஆரணிக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் முதன்மையாக இரவுவானை ஆய்வது.

இன்று கைப்பேசி உள்ளோர் அனைவரும் கிரகணத்தைப் படம்பிடிக்க முயல்கின்றனர். வடிகட்டி இன்றிச் சூரியனை நோக்கி எடுத்தால் கிடைப்பது வெண்ணிறப் பிழம்பு மட்டுமே. கைப்பேசி வில்லையின் குவியத் தூரம் மிகக் குறைவாதலால், உணரியின் மேல் சூரியன் மிகச் சிறிதாகவே இருக்கும். வில்லையின் முன் கிரகணக் கண்ணாடியின் ஒரு பகுதியைப் பொருத்தி, திரையில் சூரியனைத் தொட்டு ஒளியளவைக் குறைத்தால் பிறைவடிவம் தெரியும், ஆனால் சிறிதாகவே இருக்கும். வடிகட்டி இல்லாத படங்களில் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் தோன்றும் மங்கலான ஒளிப்பொட்டு சில வேளைகளில் பிறை வடிவில் இருப்பதைக் காணலாம். வில்லைகளுக்குள் நிகழும் உள் எதிரொளிப்பே அதற்குக் காரணம். படத்தில் இரண்டாவது சூரியன் தெரிந்ததாகப் பரவும் செய்திகளின் பின்னணியும் பெரும்பாலும் இதுவே.

கைப்பேசிக்கு மிகவும் பொருத்தமான பாடுபொருள் வானத்துச் சூரியன் அன்று, சுவரில் விழுந்த பிம்பமே. இருண்ட அறையில் சுவரில் விழும் பிறையையும் அதைப் பார்த்து நிற்கும் மனிதரையும் ஒரே சட்டத்தில் எடுக்கலாம். தானியங்கி ஒளியளவு இருண்ட சுவரைக் கணக்கில் கொண்டு பிம்பத்தை வெளிறச் செய்துவிடும். எனவே பிம்பத்தின் மீதே தொட்டு ஒளியளவைப் பூட்டி, ஒன்றிரண்டு படி குறைக்க வேண்டும். மின்வெட்டொளியை அணைத்துவிட வேண்டும். அது எரிந்தால் பிம்பம் கரைந்துபோகும். புங்கமர நிழலிலுள்ள பிறைகளுக்கும், தரையில் விரித்த துணிமேல் விழும் வரிசைகளுக்கும் இதே முறை பொருந்தும். அளவு தெரிவதற்கு அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் அப்படம் பின்னர்க் கணக்கிடவும் பயன்படும்.

தொலைவில்லை பொருத்திய படக்கருவியால் நேராக எடுப்போர், ஒளியை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டியை வில்லையின் முன்புறத்தில் பொருத்த வேண்டும். பின்புறத்திலோ கண்வில்லையிலோ பொருத்தும் வடிகட்டிகள் குவிந்த வெப்பத்தால் வெடிக்கக்கூடும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு வடிகட்டியற்ற தொலைநோக்கி வழியாகப் பார்ப்பதும் அதே காரணத்தால் பெருந்தீங்கு விளைவிக்கும். வில்லை குவித்த ஒளியைத் தாங்கும் வகையில் அக்கண்ணாடி செய்யப்பட்டதன்று. கண்ணாடிவழி நோக்கும் காட்சித்துளை உள்ள படக்கருவிகளில் அத்துளையைத் தவிர்த்து, பின்திரையையே பயன்படுத்துவது நலம்.

உணரியில் விழும் பிம்பத்தின் அளவும் துளைப் பிம்பத்தின் கணக்கையே பின்பற்றுகிறது. 200 மில்லிமீட்டர் வில்லையில் சூரியன் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், 500 மில்லிமீட்டர் வில்லையில் ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டராகவும் விழும். மேற்கூறிய வடிகட்டியுடன் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்/8 எனில் 1/400 நொடியில் தொடங்கி, திரையில் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பிறை மெல்லியதாகும்போது எஞ்சுவது சூரியனின் ஓரப்பகுதி. அது நடுப்பகுதியைவிட மங்கலானது என்பதால் ஒரு படி கூடுதல் ஒளி தேவைப்படும். குவியத்தைக் கையால் சூரிய விளிம்பில் சரிசெய்து அப்படியே விட்டுவிட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் எனத் தாங்கியில் வைத்து எடுத்து, பின்னர் ஒரே படமாக இணைப்பது பலரும் விரும்பும் முறை.

மெல்லிய மேகம் வடிகட்டியாகச் செயல்பட்டு அழகிய படங்களைத் தருவது உண்டு. 2019இல் வெளிவந்த படங்களுள் இவ்வகையின பல. படக்கருவிக்கு மேகம் துணைசெய்யலாம், கண்ணுக்கு அதை நம்புதல் கூடாது. மேகம் எந்நொடியில் விலகும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

நம்பிக்கைகள்

கிரகண நேரத்தில் உண்ணாதிருத்தல், உணவுப் பொருள்களில் தருப்பை இடுதல், கருவுற்ற பெண்களை வெளியே விடாதிருத்தல், கோயில் நடை சாத்துதல், முடிந்தபின் நீராடுதல் ஆகிய வழக்கங்கள் தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே வட மாவட்டங்களிலும் காணப்படுகின்றன. சமைத்த உணவு கிரகணத்தால் கெடுவதற்கோ, கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு நேர்வதற்கோ அறிவியல் சான்று இல்லை. வீட்டுக்குள் இருத்தல் என்ற பழக்கம் கண்ணைக் காத்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே கூறிய முறைகளில் வீட்டுக்குள் இருப்பவரும் கிரகணத்தைக் காண முடியும். கருவுற்ற பெண்களும் முதியோரும் சுவரில் விழும் பிம்பத்தைப் பார்க்கத் தடையேதும் இல்லை. இதனால் வீட்டில் ஒரு பகுதியினரை அறைக்குள் அடைத்துவிட்டு மற்றவர் மட்டும் மாடியேறும் நிலை தவிர்க்கப்படுகிறது.

தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தினால் கிரகணம் முடியும்வரை அது தானே நிற்கும் என்பது பரவலான மற்றொரு நம்பிக்கை. அடியில் பூண் பொருத்தப்பட்ட தட்டையான உலக்கையைப் பொறுமையுடன் நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். இதனைக் கிரகணத்துக்கு முந்தைய நாள் செய்துபார்க்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் கிரகண நாள்களில் மக்களைக் கூட்டிப் பாதுகாப்பாகக் காணச்செய்யும் நிகழ்வுகளை நடத்தி வந்துள்ளன.

வரவிருக்கும் கிரகணங்கள்

2027 ஆகஸ்ட் 2 அன்று வட ஆப்பிரிக்கா, அரேபியா வழியாகச் செல்லும் முழுக் கிரகணம், தமிழ்நாட்டில் மாலையில் பகுதிக் கிரகணமாகத் தெரியும். சூரியன் மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும் நேரமாதலால், மேற்குப் பார்த்த சன்னலும் கண்ணாடி முறையும் இதற்கு உதவும்.

2031 மே 21 அன்று நிகழவுள்ள வளையக் கிரகணத்தின் பாதை கேரளம் வழியாக வந்து தேனி, மதுரை, காரைக்குடி ஆகிய பகுதிகளைக் கடந்து இலங்கையின் வடபகுதிக்குச் செல்கிறது. ஆரணி இம்முறையும் பாதைக்கு வெளியே, வடக்கே அமைகிறது. எனினும் சூரியனின் பெரும்பகுதி மறையும். நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் உச்சம் நிகழ்வதாலும், மே மாதச் சூரியன் தலைக்கு மேல் நிற்பதாலும், 2020இல் போலவே கூரைத் துளையின் பிம்பம் தறிக்கூடத்தின் தரையில் ஏறக்குறைய நேராக விழும்.